பத்தொன்பது நாளும் ஒரு பஞ்சுக்குச்சியும்

அரசாங்கத்தின் எலும்பு மஜ்ஜை மற்றும் தொப்புள்கொடி இரத்தக் கொடை ஊக்குவிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்பவருக்கே ரத்தம் குறைந்துவிடும் என்பதால் மக்கள் அதைப் பஞ்சுக்குச்சி ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள். அந்த ஆபீஸில் பதினோரு வருடம் பதிவாளராக இருந்தவருக்குக் குச்சி சார் என்று பெயர் வந்தது அப்படித்தான். ஆள் ஒன்றும் ஒல்லி இல்லை. சட்டையின் நடுப் பொத்தான் வருடம் முழுக்க வேலைநிறுத்தத்தில் இருக்கும் உடம்பு அவருடையது.

வேலை இதுதான். ஆரோக்கியமான ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாலு பஞ்சுக்குச்சிகளால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து, உறையில் போட்டு ஒட்டி, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வகம் அந்த எச்சிலைப் படித்து அவருடைய உடம்பின் ரகம் என்னவென்று கணினியில் ஏற்றிவைக்கும். என்றாவது ஒருநாள் எங்கோ ஒருவருக்கு மஜ்ஜை கெட்டு, ரத்தம் ஊறுவது நின்று, ரகம் பொருந்தினால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் தன் உடம்பிலிருந்து கொஞ்சம் அணுக்களைக் கொடுத்தால் அவர் பிழைப்பார். அநேகம் பேருக்கு ஆயுசு முழுக்க அழைப்பே வராது. இந்தக் கடைசி விவரம் குச்சி சாருக்கு மிகவும் பிடித்தமானது. பின்னால் நடந்ததெல்லாம் இதை நம்பித்தான்.

வாயைத் திறக்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முடிதிருத்தும் கடையில் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவரையும் விடமாட்டார். பிரசவ ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்குப் போய், தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தைக் குப்பையில் போடாமல் திட்டத்துக்குத் தரும்படி கர்ப்பிணிகளிடம் கையெழுத்து வாங்குவார். கூட வந்த கணவன்மார் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவர்களுடைய கன்னத்தையும் தேய்த்து அனுப்புவார். வலிக்குமா என்று கேட்டால், கொசு கடித்தால் ஊரைக் கூட்டுவீர்களா என்பார். யாராவது விவரமானவர், நீங்க பதிஞ்சிருக்கீங்களா சார் என்று கேட்டால், அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது.

"முதல் ஆளே நான்தான்."

பதினோரு வருடத்தில் சில ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட உண்மை இல்லை. குச்சி சாருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஊசி குத்துவதைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பூட்டுப் போட மறந்துவிட்டேன் என்று வெளியே வந்தவர், இன்றுவரை திரும்பிப் போகவில்லை. வண்டியே இல்லாத மனிதர் அவர்.

அரசாங்கம் இந்தத் திட்டத்துக்குக் கை கொடுக்காமல் இல்லை. பரிசோதனைச் செலவு அரசாங்கத்துடையது. கொடை தருபவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தொப்புள்கொடி ரத்தத்தைப் பாதுகாக்க ஆள் உயரத்தில் ஒரு குளிர்கலன் வாங்கிக் கொடுத்தார்கள். திறந்துவைக்க வேண்டிய பிரமுகருக்குத் தேதி அமையாததால் அது பதினோரு மாதம் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் மணப்பெண்போல் நின்றது. அந்தப் பதினோரு மாதமும் பிரசவ ஆஸ்பத்திரியின் தொப்புள்கொடிகள் முன்போலவே குப்பைக்குப் போயின. ஆனால் எண்ணிக்கை விஷயத்தில் அரசாங்கம் கறார். வருடத்துக்குப் பத்தாயிரம் பேர் பதிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருட நிதி கிடையாது. பதிந்தவர்களில் எத்தனை பேர் கூப்பிட்டால் வருவார்கள் என்று மேலிடம் ஒருபோதும் கேட்டதில்லை. அதற்கான கட்டம் படிவத்தில் அச்சிடப்படவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கணக்கு முடிக்கும் நாளன்று, பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் கடைசி முகாம். பத்தாயிரம் சரியாக நிறைந்துவிட்டது என்று குச்சி சார் மேசையை மடக்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து தொலைபேசிப் பெண் கூப்பிட்டாள். ஓட்டுநர் ஒருவர் இரண்டாவது பிஸ்கட் பொட்டலத்துக்காக இரண்டு தடவை வாயைத் திறந்திருக்கிறார், ஒன்று குறைகிறது, ஐந்து மணிக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும் என்றாள். மணி நாலு நாற்பது. ஓய்வறை காலி. காவலாளி மட்டும் இருந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, திட்டம் ஏற்காது. பையில் ஒரே ஒரு உறை மிச்சம் இருந்தது.

குச்சி சாருக்குத் தன் கன்னத்தின் ஞாபகம் வந்தது. ஆனால் தன் பெயரை எப்படி எழுதுவது? முதல் ஆளே நான்தான் என்று ஆபீஸ் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும்போது பத்தாயிரமாவது ஆளாக வந்து நிற்க முடியுமா? மனைவியின் தம்பி நினைவுக்கு வந்தான். கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். அதற்குமுன் நாலு தொழில் பார்த்து நாலிலும் கையைச் சுட்டுக்கொண்டவன். அவனுக்காக எல்லா விண்ணப்பங்களையும் எழுதிக் கொடுப்பது இவர்தான் என்பதால் பிறந்த தேதி, முகவரி, கையெழுத்தின் வளைவு எல்லாம் மனப்பாடம். உதவாக்கரையின் பெயராவது உதவட்டுமே என்று படிவத்தை நிரப்பினார். காவலாளி பார்க்காதபோது சுவர்ப்பக்கம் திரும்பி, தன் வாயைத் திறந்து, தன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். நாலு குச்சி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மணிக்குப் பட்டியல் போயிற்று. அடுத்த வருட நிதி வந்தது. அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசிப் பெண் சிரித்த முகத்தோடு ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சார், உங்க மச்சானுக்கு அடிச்சிருக்கு. பத்துக்குப் பத்துப் பொருத்தம்."

தாளில் இருந்தது கொஞ்சம்தான். யாருக்கு என்பதைக் கொடையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. நோயாளி: பெண். வயது முப்பத்து நாலு. எடை நாற்பத்தேழு கிலோ. வேறு பொருத்தம் இல்லை. அவசரம். அவ்வளவே. குச்சி சார் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு நாக்கால் தன் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உத்தமர் என்றால் அந்த நிமிடமே எழுந்து இயக்குநர் அறைக்குப் போயிருப்பார். நம்மவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பொய்ப்பதிவு என்றால் வேலை போகும். வேலை போகாவிட்டால் ஊசி வரும். இரண்டுக்கும் நடுவில் புத்தி ஒரு சந்துவழி கண்டுபிடித்தது. கூப்பிட்ட கொடையாளர் மறுப்பது உலகத்தில் நடக்காததல்ல. மறுத்தால் கோப்பில் முத்திரை குத்தி மூடிவிடலாம். யாரும் காரணம் கேட்பதில்லை. 'கொடையாளர் மறுப்பு' என்ற ரப்பர் முத்திரை அவருடைய இழுப்பறையிலேயே இருந்தது. மச்சானோ பிறந்ததிலிருந்து எந்த வேலையையும் முழுசாகச் செய்தவன் இல்லை. நானே பேசிக்கொள்கிறேன் என்று தொலைபேசிப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கண்ணாடிக்கடையில் மச்சான் நீள மேசையில் ஒரு தகட்டைப் படுக்க வைத்து, அளவுகோலை ஒட்டிக் கீறிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கீறுவதை நிறுத்தினான். பதிந்த ஞாபகம் அவனுக்கு இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

"பதிஞ்சிருப்பேன் அத்தான். நான் அந்த மாதிரி ஆளுதான்."

குச்சி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை ஒருவருக்கு வாசித்துக் காட்டினார். ஐந்து நாள் வயிற்றில் ஊசி போடுவார்கள். எலும்பெல்லாம் குடையும். அப்புறம் இரண்டு கையிலும் தடித்த ஊசி குத்தி, மெஷினில் மாட்டி, ஐந்து மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். மச்சான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். விரலுக்கு விரல் வெட்டுத் தழும்பு.

"நாளைக்கு மூணு தடவை கைய அறுத்துக்கிறவன் அத்தான் நான். எனக்குப் போய் ஊசியா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாழ்க்கையில ஒரு தடவையாவது உருப்படியா ஒண்ணு பண்ணிக்கிறேனே" என்றான்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கடையைப் பார்ப்பது யார் என்றார். கடையை மூடிவிடுவதாக அவன் சொன்னான். ஜாதகப்படி இந்த மாதம் உனக்குச் சரியில்லை என்றார். அத்தான் ஜாதகம் பார்ப்பார் என்பதே அவனுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மனைவியைத் தூதுவிட்டுப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தம்பி புகழ் பாடி முடித்திருந்தாள். பதினைந்து வருடமாக அவனை உதவாக்கரை என்று சொன்ன வாய் இப்போது ஏன் வேண்டாம் என்கிறது என்று கேட்டாள். அவருடைய வாய் மூடிக்கொண்டது. அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

இப்படி ஏழு நாள் போயிற்று. ஏழாம் நாள் மச்சான் கடை வாசலில், 'உயிர் காக்கும் பணி காரணமாக இன்று அரைநாள் விடுமுறை' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வந்து, உறுதிப் பரிசோதனைக்கு நாலு குழாய் ரத்தம் கொடுத்தான். குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். தொலைபேசிப் பெண் படம் பிடித்தாள். குச்சி சார் அந்த நேரத்தில் கழிப்பறையில் இருந்தார்.

முடிவு வர ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாளும் அவர் பேருந்தில் நிம்மதியாக உட்காரவில்லை. முப்பத்து நாலு வயது மதிக்கத்தக்க பெண் யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்தார். ஒரு நாள் ஒரே பயணத்தில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது பெண், ஏன் சார் எழுந்திருக்கீங்க, நான் அடுத்த நிறுத்தத்துல இறங்கறவ என்று சந்தேகமாகப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிமெண்ட் மூட்டை ஐம்பது கிலோ. அதைவிட மூன்று கிலோ குறைவு என்று நினைத்துக்கொண்டு நின்றார். ஒரு கூலியாள் அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்தார். வாரக் கடைசியில் நோயாளியின் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது தாள் வந்தது. எடை நாற்பத்தைந்து. அதற்குப் பிறகு அவர் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினார்.

பதினாலாம் நாள் முடிவு வந்தது. பொருந்தவில்லை. பாதிகூடப் பொருந்தவில்லை.

இயக்குநர் ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த டாக்டரம்மா. அதிகம் பேசமாட்டார், கையெழுத்துப் போடும்போதும் பேனாவை அழுத்தமாட்டார். பத்திரப்படுத்தியிருந்த மிச்சக் குச்சிகளை எடுத்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். குச்சி முன்பு சொன்னதையே சொன்னது: பத்துக்குப் பத்து. குச்சி பொய் சொல்லவில்லை, ஆள்தான் மாறிவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார். பணிமனை முகாமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் உறைகள் கைமாறியிருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஆள் அன்றைக்கு வந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவர். எல்லோரையும் கூப்பிட்டு ரத்தம் எடுங்கள் என்றார். குச்சி சாரைப் பார்த்து, உங்க மேல தப்பு இல்லை, அவ்வளவு கூட்டத்துல யாருக்கும் நடக்கும் என்று தேறுதலும் சொன்னார்.

குளிர்கலனில் இருந்த தொப்புள்கொடி ரத்தப் பட்டியலையும் டாக்டரம்மா வரி வரியாகத் தேடினார். ஏறக்குறைய ஒத்துவருவதாக இரண்டு பைகள் அகப்பட்டன. இரண்டும் சின்னக் குழந்தைக்குப் போதுமான அளவு. நாற்பத்தைந்து கிலோ பெண்ணுக்குப் போதாது. அந்தப் பதினோரு மாதத்துப் பைகள் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் பட்டியலை மூடிவைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நின்ற குளிர்கலனுக்காவது பழிபோட ஒரு பிரமுகரைக் காட்டலாம். குச்சி சாருக்குக் காட்ட யாரும் இல்லை.

தொலைபேசிப் பெண் நூற்று நாற்பத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அதிசயம் என்னவென்றால், வந்தார்கள். பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தவர்கள் என்று குச்சி சார் பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் விடுப்பு நாளில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். இரண்டு தடவை வாயைத் திறந்த ஓட்டுநரும் வந்தார். இரண்டு கையையும் நீட்டட்டுமா என்று கேட்டார். பதினெட்டாம் நாள் மாலைக்குள் அறுபத்தொரு பேருக்கு ஊசி குத்தியாயிற்று. அறுபத்தொரு பேருடைய படிவத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் குச்சி சார். அவர்களில் யாரும் அந்த ஆள் இல்லை என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் காலை வந்தவர் இளம் ஓட்டுநர் ஒருவர். முதல் நடை ஓட்டி முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு குச்சி சாரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னோடதா இருந்தா நல்லா இருக்கும் சார். எங்கம்மாவுக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. அப்ப கூப்பிட ஆள் கிடைக்கலை." பிறகு பேச்சை மாற்றுகிறவர்போலக் கேட்டார். "நீங்கதானே சார் முதல் ஆளுன்னு அன்னிக்குச் சொன்னீங்க? உங்களை எப்பவாச்சும் கூப்பிட்டிருக்காங்களா?"

குச்சி சார் பேனாவை மூடினார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

எழுந்து இயக்குநர் அறைக்குப் போனார். டாக்டரம்மா மிச்சமிருந்த எண்பத்தொரு பெயர்களில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். குச்சி சார் நின்றபடியே சொன்னார்.

"டாக்டர், அவங்களை யாரையும் கூப்பிட வேண்டாம். அந்தக் குச்சி என் வாயில வெச்சது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எந்தக் குச்சி என்று கேட்கவில்லை. "எப்போலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"முதல் நாள்லேர்ந்து."

சுவரில் தொங்கிய நாட்காட்டியை டாக்டரம்மா பார்த்தார். விரல் விட்டு எண்ணுவது போலத் தெரிந்தது. எண்ணி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"முதல்ல போய்க் கைய நீட்டுங்க. மெமோ சாயங்காலம் தர்றேன்."

கையை நீட்டினார். முதல் குழாய் பாதி நிறைவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். மிச்ச மூன்று குழாய்களையும் அவர் தரையில் மல்லாந்து கிடக்கும்போதே எடுத்தார்கள். இளம் ஓட்டுநர்தான் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாவம், சாருக்கு ராத்திரி பகலாக வேலை என்று அவர் தொலைபேசிப் பெண்ணிடம் சொன்னது குச்சி சாரின் காதில் நன்றாக விழுந்தது. மயக்கம் தெளிந்தது அதனால்தான் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் மனைவி விஷயத்தை முழுக்கக் கேட்டாள். கூட்டல் கழித்தல் எல்லாம் அவளுக்கு உடனே வரும். "என் தம்பி பேர்தான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்றாள். அதோடு சரி. அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மச்சான் அன்று மாலை வந்தான். பொருந்தவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து கடை வாசல் அட்டையைக் கழற்றிவிட்டு, விசாரிப்பவர்களிடம், என் ரத்தத்துலயே ஏதோ குறை போலிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவன். தன் ரத்தத்தில் குறை இல்லை என்று தெரிந்ததில் அவனுக்குச் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"நீங்க மூணு நாள் கடைக்கு வந்து சொன்னது என் மேல அக்கறையிலன்னு நெனச்சேன் அத்தான்."

குச்சி சார் அவனுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா கோப்பை மூடியிருப்பீங்க. இல்ல?"

அக்கா உள்ளே வரச் சொன்னதற்கு, கடை திறந்தே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். கடை பூட்டியிருந்தது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

குச்சி சாரின் ரத்தம் எதிர்பார்த்தபடியே பத்துக்குப் பத்துப் பொருந்தியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து, இப்போது முடியாது, நோயாளிக்குக் கடுங்காய்ச்சல், காத்திருங்கள் என்று பதில் வந்தது. காத்திருந்தார். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு சட்டைப்பையில் இருந்ததால் அதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஐந்து நாள் வயிற்றில் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் குடைந்தது. இடுப்பு தனியாகவும் முதுகு தனியாகவும் நடந்தன. கொசு கடித்த மாதிரிதான் சார் இருக்கும் என்றாள் ஊசி போட்ட நர்ஸ். அவளுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர் அவரேதான். ஆறாம் நாள் இரண்டு கையிலும் ஊசியோடு ஐந்து மணி நேரம் படுத்திருந்தார். கண்ணை மூடவில்லை. தன் ரத்தம் குழாய் வழியே போய் மெஷினில் சுற்றித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மயக்கம் வரட்டும் என்று ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டார். வரவில்லை.

ஒரு வெளிர்சிவப்புப் பை நிறைந்தது. அதை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்கும் உரிமை கொடையாளருக்குக் கிடையாது. பிரசுரத்தில் அதை எழுதியவரும் அவர்தான்.

ஐந்து வாரம் கழித்து டாக்டரம்மா வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். சொல்லக்கூடாதுதான், ஆறு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவளை என்ன செய்துவிடுவார்கள் என்று முன்னுரை சொன்னார். பிறகு, "பிடிச்சிருச்சு. அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவா" என்றார். குச்சி சார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"டாக்டர், அந்தப் பத்தொன்பது நாள்…"

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தக் காய்ச்சல் பதினாறாம் நாள் வந்தது. அதுக்குக் கொடுத்த மருந்துல வலது காது போயிடுச்சு. கேக்காது. முன்னாடியே செஞ்சிருந்தா காய்ச்சல் வந்தே இருக்காதான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீங்களும் அதைக் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க."

அவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

விசாரணை முறைப்படி நடந்தது. குற்றப்பத்திரிகையில் நாலு குற்றங்கள்: பிறர் பெயரில் படிவம் நிரப்பியது, பிறர் கையெழுத்தைப் போட்டது, அரசாங்கச் சொத்தான நாலு பஞ்சுக்குச்சிகளைத் தன் வாயில் பயன்படுத்தியது, பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேரைக் காட்டியது. நாலையும் ஒப்புக்கொண்டார். மஜ்ஜை கொடுத்ததால் தண்டனை குறைக்கப்பட்டது. பதவி இறக்கம் செய்து கிடங்குப் பிரிவில் போட்டார்கள். இனிமேல் ஒவ்வொரு குச்சிக்கும் இரண்டு சாட்சிகள் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு புதிய உத்தரவும் வந்தது. அதனால் முகாம்களில் பாதிப் பேர் பதியாமல் திரும்பிப் போகிறார்கள் என்று கேள்வி. பத்தாயிரம் என்ற இலக்கு மாறவில்லை.

தீர்ப்பைப் படித்துவிட்டுக் குச்சி சார் மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். குற்றப்பத்திரிகையில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது, உண்மை தெரிந்தும் பத்தொன்பது நாள் வாய் திறக்காமல் இருந்ததை ஐந்தாவது குற்றமாகச் சேர்த்து உரிய தண்டனை வழங்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் காலத்தில் தாங்கள் அலுவலகத்துக்குத் தவறாமல் வந்திருப்பதாக வருகைப் பதிவேட்டிலிருந்து தெரிகிறது. பேசாமலிருந்ததைக் குற்றமாகக் கொள்ள நடத்தை விதிகளில் இடமில்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அதை மடித்து வைத்துவிட்டு இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்தார். விதியைத் திருத்தக் கேட்டு எழுத உட்கார்ந்தவரை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பெயர் விஷயத்துக்குப் பிறகு அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

"எதுக்கு மறுபடியும்?"

"யாராவது ஒருத்தர் அதுக்குத் திட்டணும்ல" என்றார்.

அவள் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அடுத்த விடைத்தாளை எடுத்துப் பிரித்தாள். அவர் குனிந்து, ஐயா என்று தொடங்கி எழுத ஆரம்பித்தார்.